கல்வராயன் மலையடிவாரமும் கடல் கடந்த சட்டமும்
(கழகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

இலக்கிய அமைப்பு ஒன்று பத்தாண்டுகளை நிறைவு செய்தல் எளிய செயலன்று. தொடங்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. தொடரும் உறுதி சிலருக்கே உண்டு. இத்தகைய விழாக்களில் சங்கப் பாடல்களின் நயமும் காப்பியங்களின் சுவையும் எடுத்துரைக்கப்படுதல் மரபு. இன்றைய உரைக்குரிய பொருளோ ஒரு சட்டம். இன்னும் சரியாகக் கூறின், ஒன்றன்பின் ஒன்றாக வந்த சட்டங்களின் வரிசை. ஒரு மனிதன் எந்த மண்ணில் நுழையலாம், எங்கே தங்கலாம், எங்கிருந்து வெளியேற்றப்படலாம் என்பதைத் தாளில் எழுதி வரையறுத்த சட்டங்கள் அவை. இலக்கிய மேடைக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கவிஞர்கள் அவ்வினாவை எழுப்பத் தேவையில்லை என்பதற்கு இம்மண்ணிலேயே ஒரு சான்று நிற்கின்றது.

திருக்கோவலூர் காட்டும் சான்று

2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது திருக்கோவலூர். ஆங்கே பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை மக்கள் கபிலர் குன்று என வழங்குகின்றனர். மூவேந்தரால் பாரி வீழ்ந்தபின், பறம்பு நாட்டை இழந்த அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர் கபிலர். விச்சிக்கோனிடம் சென்றார், அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் ஏற்கவில்லை. புறநானூறு இச்செய்திகளைப் பேணி வைத்துள்ளது. பாரியின் மகளை மலையனுக்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானத்துக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் குறிக்கின்றது.

இந்நிகழ்ச்சியைப் பாரியின் கொடைக்கும் கபிலரின் நட்புக்கும் எடுத்துக்காட்டாகவே மேடைகள் பேசி வந்துள்ளன. வேறொரு கோணத்தில் நோக்கின், இஃது ஏதிலியரின் வரலாறு ஆகும். நாடிழந்த மகளிர் இருவர், அவர்க்காகப் பிறர் வாயிலில் நின்று பேசும் புலவர் ஒருவர், மறுக்கும் மன்னர், ஏற்கும் ஊர். ஏற்ற ஊர் இவ்வட்டாரத்து ஊர் என்பது கள்ளக்குறிச்சி மக்களுக்குப் பெருமை. நாடற்றவர்க்காகப் பேசுதல் புலவன் கடமை என்பது கவிஞர்களுக்குப் பாடம்.

மலையேறிய மரபு

கோமுகியாறு பிறக்கும் கல்வராயன் மலையும் இத்தகைய செய்தியொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது. அம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரிடையே வழங்கும் செவிவழி வரலாறு, அவர்தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர் என்கின்றது. உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டனர் என்றும், சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் அவர்தம் வழியினர் பிரிந்து குடியேறினர் என்றும் சொல்பவர்க்கேற்பச் சிறு வேறுபாடுகளுடன் அது வழங்கி வருகின்றது. வரலாற்றாசிரியர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம். கருதத்தக்கது வேறொன்று. இன்று தொல்குடி எனப் போற்றப்படும் மக்களே தம்மை வந்து குடியேறியவராக நினைவு கொள்கின்றனர். அவர்கள் மலையேறிய நாளில், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டு ஏடு காட்டச் சொன்னவர் எவருமிலர்.

ஏடு கேட்கும் காலம் அவர்களுக்கும் பின்னர் வந்தது. பழங்குடியினர் பட்டியல் மலையாளிகளை மாவட்டப் பெயர்களுடன் சேர்த்தே குறிக்கின்றது. தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளில் வாழ்வோர் பட்டியலில் உள்ளனர். அதே மரபினர் ஈரோட்டு மலைகளில் வாழின் அப்பட்டியலில் இல்லை. அதில் சேர்க்க வேண்டும் என்பது அவர்தம் நெடுநாள் கோரிக்கை. ஒரே குலம், ஒரே வழிபாடு, ஒரே பேச்சு. எனினும் ஓர் எல்லைக்கோடு அவர்களை இரு வகையினராக்கிவிட்டது. ஓர் எல்லைக்குள் நிகழும் இச்சிறு கொடுமையை அறிந்தவர்க்குக் கடலுக்கப்பால் நிகழ்ந்த பெருங்கொடுமையின் தன்மை எளிதில் விளங்கும்.

கடல் கடந்தோர்

கள்ளக்குறிச்சி, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கு வட்டம். சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களை ஒட்டியது. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்பட்டபோது விழுப்புரத்தைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து உழைக்கச் சென்ற தமிழர், தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை எனும் பகுதிகளிலிருந்தே பெருந்தொகையாகச் சென்றனர். நேட்டாலுக்கும் பிஜிக்கும் மொரிசியசுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஒரு சாரார். மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணிகளின் பின்னே சென்றோர் மற்றொரு சாரார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அப்போக்கை மேலும் விரைவாக்கியது.

இலங்கைக்குச் சென்றோரின் வழி தனித்தன்மை உடையது. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டோர் பலர். காப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை ஓங்கிய பின்னர், வந்தவர் மீளாது நிலையாகத் தங்கலாயினர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை தொடருந்து சென்றது. மண்டபத்தில் தடுப்பு முகாம், கடலுக்கப்பால் தலைமன்னார், அதன்மேல் மலைநாட்டு லயன் அறை.

அவ்வழியே சென்றவன் கையில் இருந்த ஆவணம் ஒன்றே ஒன்று. 'துண்டு' என்பது அதன் பெயர். தோட்டத்துக்கு அவன் எவ்வளவு கடன்பட்டுள்ளான் என்பதை அது கூறும். அக்கடனைத் தீர்க்கும் துரை எவனோ அவனுக்கு அவன் உழைப்பு உரியது. 1921இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் இயற்றப்பட்டு, கடல் கடந்து செல்லும் கூலியாட்களின் பயணம் கட்டுப்படுத்தப்பட்டது. 1927இல் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்த அளவுக் கூலி இலங்கையில் சட்டமாயிற்று. தஞ்சையில் பிறந்து இலங்கையில் உழைப்பாளர் சங்கம் கண்ட கோ. நடேசய்யரும், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோறும் உரிமைக்குரல் எழுப்பினர். மீனாட்சியம்மை பாட்டெழுதி மக்களிடம் பாடிச்சென்றவர் என்பது கவிஞர் அவையில் நினைக்கத்தக்கது.

1939இல் இலங்கை அரசு நாட்கூலி இந்தியரைத் தன் பணிகளிலிருந்து நீக்கியது. மறுமொழியாக, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பயிற்சியில்லாத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. தன்மானத்துக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கையே எனினும், உடன்பிறந்தாரில் ஒருவர் தீவிலும் ஒருவர் ஊரிலுமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு அதனால் கடல் அகன்றது.

1948ஆம் ஆண்டுச் சட்டம்

1946ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். மொத்த மக்களில் 11.7 விழுக்காட்டினர். 1947இல் நடைபெற்ற பொதுத்தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகள் சிலவற்றில் இலங்கை இந்தியர் காங்கிரசு வென்றது. வேறு பலவற்றில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்குத் தோட்டத்து வாக்குகள் துணை நின்றன. வாக்கின் வலிமை அன்று வெளிப்பட்டது. அதன் விளைவும் விரைந்து வந்தது.

1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15இல் 18ஆம் எண் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தவன் என்பது மட்டும் இனிப் போதாது. அவன் தந்தையும் இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். சட்டத்தில் 'தமிழர்' என்னும் சொல்லோ 'இந்தியர்' என்னும் சொல்லோ தீண்டத்தகாதார் போல் ஒதுக்கப்படவில்லை. அச்சொற்களுக்குத் தேவையே எழவில்லை. லயன் அறையில் பிறந்து மடிந்தவனுக்குப் பிறப்புப் பதிவு ஏது? பாட்டனின் பிறப்பை எவ்வாறு மெய்ப்பிப்பது? ஊர்ப்புறத்துச் சிங்களவனிடமும் அத்தகைய ஏடு அரிதே. ஆயினும் அவனை எவரும் கேட்கவில்லை, தோட்டத்தானையே கேட்டனர். நடுவுநிலை போல் எழுதப்பட்ட சட்டம், எவரிடம் கேட்கப்படுகின்றது என்பதனால் ஓரவஞ்சனையாயிற்று.

அதே ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம், குடியுரிமையற்றவனை நுழைவு அனுமதிக்கும் தங்கும் அனுமதிக்கும் உட்பட்டவனாக்கியது. 1949ஆம் ஆண்டு 3ஆம் எண் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறப்பதாகக் கூறியது. 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது தீவில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஊர் சென்று தங்கினால் தொடர்ச்சி அறுந்தது. தாயின் நோய்க்காகவோ தங்கையின் திருமணத்துக்காகவோ சொந்த ஊர் வந்து தங்கியவனை, அப்பாசமே குற்றவாளியாக்கிற்று. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1949ஆம் ஆண்டின் 48ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதார்க்கு வாக்குரிமையும் இல்லை என வரையறுத்தது.

எதிர்ப்புகள் எழாமல் இல்லை. தமிழ்க் காங்கிரசு இச்சிக்கலில் பிளவுண்டது. 1949 டிசம்பரில் சா. ஜே. வே. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இலங்கை இந்தியர் காங்கிரசு 1952இல் அறப்போர் நடத்தியது. கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வாக்கிழந்த அம்மக்களுள் ஒருவர். நாடாளுமன்றத்தில் ஒலிக்க இயலாத குரலை அவர் கவிதையில் ஒலித்தார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சட்டம் கேட்ட ஏடு அம்மக்களிடம் இல்லை. அவர் தொகுத்த பாட்டு அவர்களிடம் இருந்தது.

எண்ணிப் பங்கிட்ட மக்கள்

1964 அக்டோபர் 30இல் இந்தியத் தலைமையமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். 1974இல் இந்திரா காந்தி காலத்து உடன்பாட்டின்படி அவ்வெச்சமும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது.

இருநாட்டு அரசியலாரும் இதனை நல்லுறவின் வெற்றி எனப் போற்றினர். போகின்றவனையும் இருக்கின்றவனையும் கலந்து பேசாமல், நெல் மூட்டைகளை அளப்பது போல் மனிதரை அளந்து பிரித்த ஒப்பந்தம் இஃது என்பதும் அன்றே கூறப்பட்டது. விண்ணப்பம் கேட்டபோது, இந்தியக் குடியுரிமை கோரியோர் ஒப்பந்தம் குறித்த தொகையினும் குறைவாகவே இருந்தனர்; இலங்கைக் குடியுரிமை கோரியோரோ ஒதுக்கப்பட்ட தொகையைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டனர். மக்கள் மனம் எந்த மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த தொடருந்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எந்தப் புலவரும் இட்ட பெயரன்று அது. ஒரே குடும்பத்தில் தந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டும், மணமாகிப் பிரிந்த மகளுக்கு இலங்கைக் குடியுரிமையும் வாய்த்தபோது, நிலையத்தில் எழுந்த ஓலமே அப்பெயராயிற்று. இரு சொல்லில் ஒரு காப்பியத்தை அடக்கும் ஆற்றல், எழுதப் படிக்க அறியாத மக்களின் நாவுக்கு உண்டு என்பதைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

இராமானுசம் கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் தமிழகத்தின் பல பகுதிகளுக்குப் பிரிந்து சென்றனர். அரசு அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என அழைத்தது. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காக உருவாயின. தாயகம் திரும்பியோர்க்கான கூட்டுறவு வங்கி 1969இல் தொடங்கப்பெற்றது. நன்மை பெற்றோர் பலர். நன்மை எட்டாதோரும் பலர். தேயிலைக் கொழுந்து பறித்த கைக்கு வணிகக் கடன் கொடுத்தால் அது கடை வைக்கக் கற்றுவிடுமா? முன்பின் அறியாத சமவெளி ஊரில் கடன் கரைந்தது. பிழைப்புத் தேடிக் கொடைக்கானல் மலைப்பகுதிக்குச் சென்று கொத்தடிமைகளானோர் செய்தி எண்பதுகளில் வெளிவந்து நாட்டை நாணச் செய்தது.

ஈண்டுக் கல்வராயன் மலையை மீண்டும் நினைத்தல் வேண்டும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1976ஆம் ஆண்டில்தான் இம்மலையில் சாகீர்தார்களின் ஆட்சி முடிவுற்று, மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறைக் காலம் கழிந்த பின்னரே அம்மக்கள் சாகீர் கட்டினின்றும் விடுபட்டனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து, சாலை, மருத்துவம், கல்வி பற்றி அரசை வினவியது. ஏடு இல்லாதாரை அரசு காண்பதில்லை. கண்டாலும் காலந்தாழ்ந்தே காண்கின்றது. மலைநாட்டுத் தோட்டத்திலும் கல்வராயன் முகட்டிலும் இதுவே நிகழ்ந்தது.

மூன்றாம் பயணம்

1977இலும் 1983இலும் இலங்கையில் நிகழ்ந்த வன்செயல்கள் தோட்ட மக்களையும் விட்டுவைக்கவில்லை. மலைநாட்டை விட்டு வவுனியா, மன்னார்ப் பகுதிகளில் குடியேறியோர், அங்கும் போர் சூழவே படகேறினர். 1983 முதல் தமிழகம் வந்த ஏதிலியர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருள் ஈழத்தின் தொல்குடித் தமிழரும் உளர். தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தமிழரின் வழியினரும் உளர். முகாம்களில் உள்ள பின்னவர் முப்பதாயிரத்தை ஒட்டியவர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பாட்டன் பஞ்சத்துக்கு அஞ்சி ஒருமுறை கடல் கடந்தான். பேரன் குண்டுக்கு அஞ்சி மறுமுறை கடந்தான். இருவருக்கும் கரையில் கிடைத்தது மண்டபம் முகாமே.

இலங்கையில் 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கின. தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் தேர்தலில் வென்று, பின்னர் அமைச்சராகி நடத்திய இடையறா முயற்சிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பிழை செய்த நாடு, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தேனும் ஒருவாறு அதனைத் திருத்திற்று.

இந்தியாவின் நிலை யாது? 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முதலில் தாராளமானது. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் இறுதி வரை இம்மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகன். 1987 சூலை முதல் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3 முதல், மற்றவரும் 'சட்டத்துக்குப் புறம்பான குடியேறி' ஆக இருத்தல் கூடாது என்றாயிற்று. தமிழகத்து முகாமில் பிறந்து, தமிழகத்துப் பள்ளியில் பயின்று, இலங்கையைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு இதனால் கதவு அடைபட்டது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோர்க்கே வழிசெய்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

நீதிமன்றங்களில் சிற்சில ஒளிக்கீற்றுகள் தோன்றின. தோட்டத் தமிழர் வழிவந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 சூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்தம் குடியுரிமை வேண்டுகோளைப் பரிவுடன் ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்தில் தீர்ப்பளித்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர்க்கு, பிறப்பால் அவர் குடிமகளே என்பதால் கடவுச்சீட்டு வழங்குமாறு அக்கிளையே 2022இல் ஆணையிட்டது. அவர்க்குப் பின்னர் வாக்குரிமையும் கிட்டிற்று.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயரிட்டது. புதிய வீடுகள் கட்டவும் திட்டமிட்டது. 2025 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம், 1920ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தையும், 1939ஆம் ஆண்டு வெளிநாட்டினர் பதிவுச் சட்டத்தையும், 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தையும் நீக்கி அவற்றின் இடத்தைப் பெற்றது. 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர், உரிய ஆவணமின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்படார் என அச்சட்டத்தின் கீழ் விலக்கு அளிக்கப்பட்டது. தண்டனை நீங்கியது நன்றே. ஆயினும் தண்டனை இன்மை வேறு, குடியுரிமை வேறு. விருந்தினனைத் துரத்தாமல் இருத்தலும், அவனுக்கு வீட்டில் பங்கு தருதலும் ஒன்றாகா.

கவிஞர்க்குரிய பணி

உலகெங்கும் குடிவரவுச் சட்டங்களின் வரலாற்றில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகின்றது. உழைப்பு வேண்டும்போது கதவு திறக்கும்; உழைத்தவன் உரிமை கேட்கும்போது கதவு அடைபடும். தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டுக் குடியேறிகள் கட்டுப்பாட்டுச் சட்டமும் மூன்று பவுன் வரியும் அத்தகையனவே. அவற்றை எதிர்த்த அறப்போரில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் உயிர்நீத்த வள்ளியம்மை தமிழ்ப் பெண்ணே. பருமாவிலிருந்து 1964இல் வெறுங்கையுடன் திரும்பியோரும் தமிழரே. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதன்முன் ஏடின்றி நிற்பவன் முகம் வேறுபடுவதில்லை.

நாட்டுக்கு எல்லையும் வேண்டும், எல்லைக்குச் சட்டமும் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. கட்டற்ற நுழைவு உள்ளூர் ஏழையின் கூலியைக் குறைக்கும் என்னும் அச்சமும் பொய்யன்று. ஆனால் மூன்று தலைமுறை ஒரு மண்ணில் உழைத்தபின், இன்னும் நீ அயலான் என்று கூறும் சட்டம் எல்லையைக் காப்பதன்று, மனிதனைத் தேய்ப்பது. 1948இல் இலங்கை அவ்வாறு கூறியபோது தமிழகம் கண்ணீர் வடித்தது, கண்டனம் தெரிவித்தது. முகாமில் மூன்றாம் தலைமுறை பிறந்துகொண்டிருக்கும் இந்நாளில், அதே அளவுகோலைத் தமிழகம் தன் மண்ணிலும் வைத்துப் பார்த்தல் நேர்மை.

கள்ளக்குறிச்சியிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சின்னசேலத்தில் அத்தகைய மறுவாழ்வு முகாம் ஒன்று உள்ளது. ஈழத்தின் கதையைச் சொல்லும் முதியோரும், ஈழத்தைக் காணாத இளையோரும் வாழும் இடங்கள் இவை. இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் இக்கழகத்தின் முன் மூன்று பணிகள் வைக்கப்படுகின்றன.

முதலாவது, தென்னார்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோர் பற்றிய நினைவுகளை ஊர்தோறும் தேடித் தொகுத்தல். திரும்பி வந்தோருள் எழுபது எண்பது அகவையினர் இன்று சிலரே. அவர்கள் மறைந்தால் துண்டு, பெரட்டு, லயன், ஒப்பாரிக் கோச்சி என்னும் சொற்களின் பொருளை எடுத்துரைக்க வாய்கள் இரா. இரண்டாவது, கல்வராயன் மலைமக்களின் குடியேற்றக் கதைகளையும் பாடல்களையும் அவர்தம் வாய்மொழியிலேயே பதிவு செய்தல். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு கூட்டத்தையேனும் உரிய இசைவு பெற்று முகாமில் நடத்துதல். அங்குள்ள இளங்கவிஞரை விருந்தினராக அன்றி உறுப்பினராகவே ஏற்றுக்கொள்ளுதல். குடியுரிமை வழங்கும் ஆற்றல் இலக்கியக் கழகத்துக்கு இல்லை. உறுப்புரிமை வழங்கும் ஆற்றல் உண்டு. அதற்குப் பாட்டனின் பிறப்புச் சான்று தேவையில்லை. தமிழ் அறிந்திருத்தலே போதும்.

கவிதை சட்டத்தை மாற்றுமா என ஐயுறுவார் உளர். சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுநாளே மாற்றவில்லை. ஆயினும் வாக்கிழந்த மக்கள் வாயிழக்கவில்லை என்பதற்கு அது சான்றாயிற்று. அடுத்த தலைமுறை எழுந்து உரிமை கேட்டபோது, கேட்பதற்குரிய சொற்கள் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தன. விச்சிக்கோன் வாயிலிலும் இருங்கோவேள் வாயிலிலும் கபிலரின் சொல் வெல்லவில்லை. அதனால் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அடுத்த வாயிலுக்கு நடந்தார்.

அந்நடையைத் தொடர்வோர் இக்கழகத்தில் பலராகுக. முகாமில் எழுதப்படும் கவிதை இக்கழகத்தின் அடுத்த மலரில் இடம்பெறுக.